உங்கள் விரலை அறியாத பெட்டி

அப்பா,

பெட்டியின் பிளக்கைச் செருகியதும் எட்டு ஃபேடர் தண்டுகளும் ஒரே நேரத்தில் மேலே ஓடி, கீழே ஓடி, தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து நின்றன. சர்ரென்று ஒரு சத்தம். பகலில் அதைச் சத்தமாகவே நினைத்ததில்லை. இப்போது தெருவுக்கே கேட்டதுபோல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். துணித் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மா புரளவில்லை. பிறகு மோட்டார் சூடேறி அந்த வாசனை வந்தது. தேங்காய் எண்ணெய். நான்கு வருடம் ஆகியும் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணெய்.

இதை வேதியியல் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். லேப்டாப் திரைதான் விளக்கு. அம்மா பார்த்துவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் அம்மா இந்தப் பெட்டியைத் தன் பழைய புடவையில் பிணத்தைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் கட்டினாள். "இதத் தொட்ட கைய ஒடச்சிடுவேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் அதைத் தொடுவதற்கு வேறு கை ஏது?

பெட்டியை எடுத்து வைத்த இடத்தில், மேசைப் பலகையின் மீது, ஒரு வெள்ளை வளையம் இருக்கிறது. டம்ளர் வைத்த தடம். நம் ஊர்த் தண்ணீர் காய்ந்தால் விட்டுப்போகும் உப்பு. அதை முதலில் நான் கவனிக்கவில்லை.

நாளை காலைப் பூசை முடிந்ததும் மாமா வருவார். பாடற்குழு இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. நீங்கள் பாதியில் விட்ட பாட்டை ஆகஸ்ட் திருவிழாவில் உங்கள் நினைவாகப் போட வேண்டும் என்று மாதா கோயில் பங்கில் முடிவு செய்திருக்கிறார்கள். பெட்டியும் லேப்டாப்பும் பாண்டிக்குப் போகின்றன. "அங்க ஸ்டுடியோவுல நமக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. பழச எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து நல்லா செஞ்சி குடுத்துடுவாரு" என்று மாமா அம்மாவிடம் சொன்னபோது நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளரைச் சாய்த்துவிட்டேன். மாமா, "பாத்து, சுடுது" என்றார்.

அந்தப் பழசு என் கை, அப்பா. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது எனக்கு மட்டும்.

பெட்டி வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. கோட்டக்குப்பத்தில் ஒலிப்பதிவு அறை வைத்திருந்த பாய் துபாய்க்குப் புறப்படும்போது இதை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பதிவுகளுக்கு நீங்கள் எத்தனையோ முறை கீபோர்டு வாசித்திருக்கிறீர்கள். சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, கூனிமேட்டில் ஒருவர் உட்கார இடம் கேட்டும் நகராமல் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல பாட்டு எங்கேர்ந்து வரும்?"

"இதுல பாட்டு வராது. பாட்டு லேப்டாப்புல இருக்குது. இது வெறும் கை."

"ஏன், நமக்கு ஆளுக்கு ரெண்டு இருக்குதே, பத்தலையா?"

நீங்கள் சொன்னது சரிதான். அது வெறும் கை. லேப்டாப்பில் இருக்கும் ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க, மௌஸைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக விரலால் தள்ளும் எட்டுத் தண்டுகள். நாம் தள்ளியதை லேப்டாப் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பாட்டு ஓடும்போது யாரும் தொடாமலே தண்டுகள் அதே மாதிரி ஏறி இறங்கும். எங்கே தயங்கினோமோ அங்கே தயங்கும். எங்கே அவசரப்பட்டோமோ அங்கே அவசரப்படும்.

முதல் நாள் நீங்கள் முதல் ஃபேடரை ஆசையாக மேலே தள்ளினீர்கள். அது உங்கள் விரலோடு மல்லுக்கு நின்று கீழே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினீர்கள். மறுபடி வந்தது. "பாரு பாப்பா, வந்த அன்னிக்கே எதிர்த்துப் பேசுது" என்றீர்கள். நான் கையை வைத்தேன். என் விரலுக்கு அது உடனே இணங்கியது. உங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பாய்க்கு போன் போட்டீர்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"அண்ணே, அது தோல் பட்டாத்தான் தெரிஞ்சிக்கும். ஒங்க தோலு காஞ்சி மரத்துப் போயிருக்குது. கட்டையால தள்றாப்ல நெனச்சிக்குது, அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டு உங்கள் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இருபது வருடம் உப்பை வாரி, உப்பு நீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, வெடித்து, மீண்டும் உப்பில் இறங்கிய கைகள். "இதுக்கு நான் ஆளே இல்ல பாப்பா" என்றீர்கள். பிறகு, "நீ கைய வையி" என்றீர்கள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. என் விரல் ஃபேடரில். என் கை மேல் உங்கள் கை. நீங்கள் தள்ளுவீர்கள், நான் தொட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் உள்ளங்கை என் புறங்கையைக் கீறும். வலிக்கும். சொல்ல மாட்டேன். விடியுமுன் உப்புப் பாத்திக்குப் போய் மதியம் திரும்பி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் உட்காரும் நேரமும், நான் பள்ளி விட்டு வரும் நேரமும் சேரும் அந்த இரண்டு மணி நேரத்துக்காக நாள் முழுவதும் காத்திருப்பேன். அப்போது அதைச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அதை மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

நீங்கள் படித்தது ஐந்தாவது வரை. லேப்டாப் பேசியது ஆங்கிலம். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன். நம்முடைய லேப்டாப் கிழட்டு லேப்டாப். நான்கு வாத்தியம் வரை தாங்கும். ஐந்தாவது சேர்ந்தால் மூச்சு வாங்கி, சத்தம் பட்பட்டென்று வெடிக்கும். அம்மா சுற்றிப் போடும்போது அடுப்பில் உப்பு வெடிக்குமே, அதே சத்தம். "எவன் கண்ணு பட்டுச்சோ" என்பீர்கள் நீங்கள். நான் தேடித் தேடி பஃபர் என்ற இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே சின்ன எண் வைத்தால் கீபோர்டைத் தொட்டதும் சத்தம் வரும், ஆனால் லேப்டாப் திணறும். பெரிய எண் வைத்தால் திணறாது, ஆனால் தொட்டதற்கும் கேட்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழும். நான் சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "மோட்டார் தண்ணிய நேரா பாத்திக்கு விட்டா வரப்பு ஒடஞ்சிடும். பெருசா தேக்கி வச்சி மெதுவா விடணும். நேரம் ஆவும், ஆனா ஒடையாது. வாசிக்கறப்ப சின்னது வையி, கலக்கறப்ப பெருசு வையி."

அப்புறம் ஃப்ரீஸ். வாசித்து முடித்த வாத்தியத்தை அப்படியே இறுக்கி வைத்துவிட்டால், லேப்டாப் அதற்காக மீண்டும் மீண்டும் உழைக்க வேண்டாம். அந்தக் கோடு நீலமாகிவிடும். வாத்தியத்தை மாற்ற முடியாது. ஃபேடரை மட்டும் தள்ளலாம். "உறைய வைக்கிறதுன்னு அர்த்தம்ப்பா" என்றேன். "உப்பு எடுக்கறதுன்னு சொல்லேன்" என்றீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் அது உப்பு எடுப்பதுதான். "தபேலாவ உப்பு எடுத்துடு பாப்பா." பாடற்குழு அண்ணன்கள் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்பில் நான் இருந்தபோது அம்மா அந்த எண்ணெய் வேலையைச் செய்தாள். பாத்தியிலிருந்து வரும் காற்றில் பெட்டியின் திருகாணிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. உப்பில் இறங்கும் முன் அம்மா தன் காலுக்குச் செய்வதையே பெட்டிக்கும் செய்தாள். துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு ஃபேடரின் இடுக்கிலும் அழுத்தித் தேய்த்துவிட்டாள். நீங்கள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தீர்கள். "அது என்ன பாவம் பண்ணுச்சின்னு எண்ணெ காப்பு போட்ட?" அம்மாவுக்குக் கோபம். "உப்புக் காத்துக்கு எண்ணெய்தான். ஒங்க பொட்டி மட்டும் மானத்துலேர்ந்து வந்துதா?" காது குடையும் பஞ்சால் ஒரு வாரம் நாம் இருவரும் துடைத்தோம். ஆறாவது ஃபேடர் இன்னும் வழுக்கும். என் விரலுக்கு அதன் வழுக்கல் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அதற்குள் உங்கள் கை என் கைமேல் இருப்பது நின்றுவிட்டிருந்தது. எப்போது எடுத்தீர்கள் என்று எனக்கு நினைவில்லை. நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பீர்கள். நான் தள்ளுவேன். எங்கே வீணை ஒதுங்க வேண்டும், எங்கே குரல் முன்னால் வர வேண்டும் என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே என் விரல் போய்விடும். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

ஒவ்வொரு ஃபேடருக்கு மேலும் ஒரு சின்னச் சன்னல். வாத்தியத்தின் பெயர் அதில் ஒளிரும். ஏழு ஆங்கில எழுத்துதான் கொள்ளும். ஒருநாள் விளையாட்டாக, "ஒன் பேர அடி, பாப்போம்" என்றீர்கள். ஜெனிஃபர். ஒரே ஒரு 'N' போட்டு எழுதினால் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. சன்னலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சரியாக உட்கார்ந்தது. "ஒனக்காகவே அளவெடுத்து வச்சிருக்கான் பாரு" என்றீர்கள். எட்டுச் சன்னலிலும் என் பெயரை அடித்தேன். அரை மணி நேரம் அப்படியே இருந்தது. பிறகு வாசலில் பங்குச் சாமியின் பைக் சத்தம் கேட்டது. "மாத்து, மாத்து" என்றீர்கள். வயலின், தபேலா, வீணை என்று அவசர அவசரமாக அடித்தேன். சாமி உள்ளே வந்தபோது நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுமுறையில் என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களோடு பாத்திக்குப் போவார்கள். நீங்கள் என்னை ஒருநாள்கூட விட்டதில்லை. "உப்புல கை வைக்காத. கை கெட்டுடும்." பாத்திரம் தேய்க்கவும் விடவில்லை. "இவ என்ன ராணியா?" என்று அம்மா கத்துவாள். பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்க வீட்ல கைய மட்டும் கண்ணாடி பெட்டில வச்சி வளக்கறீங்களா?" என்று கேட்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். என் அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஒரு கேள்வியும் இல்லாமல் ஐந்து வருடம் இருந்தேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் நடந்த மாதா திருவிழாவில்தான் கேள்வி வந்தது. கொடியேற்றத்தில் நம் பாட்டு ஒலித்தது. ஈசிஆர் ரோடு வரை ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். உங்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சாமி மைக்கில் கேட்டார், ஸ்டுடியோ இல்லை, ஆள் இல்லை, எப்படிச் செய்தீர்கள் என்று. நீங்கள் பேசத் தெரியாதவர். இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினீர்கள்.

"இந்த ரெண்டு கைதான் சாமி."

வெடித்துப்போன அந்தக் கைகளைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து தட்டியது. அழுதவர்களும் உண்டு. நான் பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த தோழி என் தோளை உலுக்கி, "உங்கப்பாடி" என்றாள். நானும் தட்டினேன். தட்டிய சத்தம் எனக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஒன்றும் கேட்கவில்லை. பயம். உங்களிடம் பயமில்லை. கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ என்ற பயம். அடுத்த பாட்டை ஆரம்பித்தோம். ஏழு வாத்தியம் முடிந்தது. எட்டாவது வயலின். அன்று மதியம் நீங்கள் கீபோர்டில் வாசித்து முடித்துவிட்டு, "கைய வையி பாப்பா" என்றீர்கள். நான் வைக்கவில்லை.

"அன்னிக்கி மேடையில ஏம்ப்பா அப்படி சொன்னீங்க?"

நீங்கள் புரியாதவர்போல இருந்தீர்கள். பிறகு, பெண்பிள்ளை பெயர் வெளியில் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அண்ணன்கள் வந்துபோகிற அறை, அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்றெல்லாம் சொன்னீர்கள்.

"அது என் கை இல்லையாப்பா?"

"ஒன் கையும் என் கைதான பாப்பா."

அன்பாகத்தான் சொன்னீர்கள். தலையைத் தடவக் கையை நீட்டினீர்கள். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தில் என் விரல், நான் படித்துச் சொன்ன வார்த்தைகள், ஆறாவது ஃபேடரின் வழுக்கல், எல்லாம் உங்கள் தோளில் முளைத்ததாகிவிட்டது. நான் எழுந்துவிட்டேன்.

"அப்போ ஒங்க கையிலயே பண்ணிக்கோங்க."

ஐந்து நாள் அந்த அறைக்குள் வரவில்லை. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். கோடை விடுமுறையில் எந்தத் தேர்வு என்று அம்மா கேட்கவில்லை. ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு வரப்பில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நீங்கள் அப்படியே சாய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. முகத்தில் ஒரு பக்கம் உப்பு ஒட்டியிருந்தது. அம்மா அதைத் துடைக்க விடவில்லை.

உங்கள் கைகளைக் கூப்பி ஜெபமாலை சுற்றி வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அந்தக் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "இந்தக் கைதான், இந்தக் கைதான்" என்றார்கள். நான் தலைமாட்டில் என் கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்குக் கோபம் இருந்தது. அப்பா இறந்துகிடக்கும்போது கோபப்படுகிற பெண் நான். இதை எந்தச் சாமியிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

இன்று புடவை முடிச்சை அவிழ்த்தது நாளை எல்லாம் அழிந்துவிடும் என்பதால். ஒரே ஒரு முறை என் கை தானாக நடப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு அடியில் போர்வையை மடித்து வைத்து, பாட்டை ஓட விட்டேன்.

ஏழு ஃபேடர்களும் நடந்தன. அது நான்தான். வீணை வரும் இடத்தில் ஒரு மயிரிழை முன்னாலேயே ஒதுங்குவது நான். ஆறாவது வழுக்கிவிடாமல் இருக்க முனையில் பிடித்து நிறுத்துவது நான். இருட்டில் யாரோ என் விரல்களைக் கழற்றி எடுத்து எதிரில் வைத்ததுபோல இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சரணம் தொடங்கியதும் எட்டாவது அசைந்தது. நான் தொடாத எட்டாவது.

அது நடக்கவில்லை. தடுக்கியது. கொஞ்சம் ஏறி, படக்கென்று அடியில் விழுந்து, மீண்டும் ஏறி, மீண்டும் விழுந்து. மோட்டார் ஒவ்வொரு விழுதலுக்கும் 'டக்' என்றது. ஹெட்ஃபோனில் லேப்டாப் திணறி உப்பாய் வெடித்தது. நான் பதறி நிறுத்தப் போனேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூக்கத்தின் குரல்.

"ஏங்க... போதும், வாங்க. சோறு ஆறுது."

பாட்டை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூக்கத்தில் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். விசும்பலும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கோப்புகளைப் பார்த்தேன். அந்த ஐந்து நாளிலும், ஒவ்வொரு மதியமும், பாட்டு சேமிக்கப்பட்டிருந்தது. மொத்தம் பதினான்கு முறை. நீங்கள் தனியாக முயன்றிருக்கிறீர்கள். எப்படி என்று யோசித்தபோதுதான் மேசையிலிருந்த வெள்ளை வளையம் கண்ணில் பட்டது. எப்போதோ நான் சொல்லியிருக்கிறேன், விரலை நனைத்தால் காய்ந்த தோலையும் பெட்டி கண்டுகொள்ளும் என்று. "தண்ணி பட்டா பொட்டி போயிடும்" என்று நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அந்த ஐந்து நாள் டம்ளரில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை நனைத்துத் தள்ளி, அது காய்ந்ததும் பெட்டி உங்களை மறந்து ஃபேடரைக் கீழே இழுக்க, மீண்டும் நனைத்து, மீண்டும் தள்ளி. ஒவ்வொரு ஏற்றமும் ஒரு நனைப்பு. சரணத்தில் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று.

எட்டாவது சன்னலில் என் பெயர் இருக்குமோ என்று ஒரு நொடி பார்த்தேன், அப்பா. பெயர் அடிக்க உங்களுக்குத் தெரியும். நான் அடிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள். இல்லை. லேப்டாப் தானாக வைத்த எண் மட்டும் இருந்தது.

அழலாம் என்று தோன்றியது, அழவில்லை. தண்ணீரால் முடியும் என்றால் ஆறு வருடம் ஏன் என் கையைக் கேட்டீர்கள்? முடியாது என்றால் ஏன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினீர்கள்? நான் வரமாட்டேன் என்று சொன்ன பிறகாவது திரைக்கு அந்தப் பக்கம் வந்து, "பாப்பா, முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வந்திருப்பேன். உங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் டம்ளரில் தண்ணீர் எடுக்கப் போனீர்கள்.

எட்டாவதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிடம் போதும். பாட்டு ஓடும்போது ஃபேடரில் விரலை வைத்தால், அந்த இடத்தில் முன்பு எழுதியிருந்ததெல்லாம் அழிந்து என் கை பதிந்துவிடும். வயலின் வழுக்கிக்கொண்டு எழும். ஊர் அழும். விரலைக் கொண்டுபோனேன். தண்டின் குளிர்ச்சி தெரிகிற தூரம் வரை. பிறகு எடுத்துவிட்டேன்.

மௌஸால் மட்டும் சில வேலை செய்தேன். பஃபரைப் பெரியதாக வைத்தேன். எதற்கு என்று தெரிந்தாலும், ஆங்கிலத்தில் அந்த இடத்தைத் தேடி எடுக்க உங்களுக்குத் தெரிந்திருக்காது, அந்த ஐந்து நாளும் வெடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். பிறகு உங்கள் வயலினை உப்பு எடுத்தேன். கோடு நீலமானது. மறுபடி ஓட விட்டேன். வெடிப்பு இல்லை. நீங்கள் தடுக்கித் தடுக்கி ஏறுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது.

முழுப் பாட்டையும் பென் டிரைவில் நகல் எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். அப்புறம் சன்னல்களின் பெயரை மாற்றினேன். முதலிலிருந்து ஏழு வரை என் பெயர். ஏழு முறை, ஏழு எழுத்து. எட்டாவதில் அப்பா என்று அடித்தேன். அது நான்கு எழுத்துதான். சன்னலில் பாதி இடம் காலியாக இருக்கிறது.

நாளை பாண்டியில் அவர் இந்தப் பெட்டியைப் போட்டதும் எட்டும் ஒளிரும். மாமா பக்கத்தில் நிற்பார். ஜெனிஃபர், ஜெனிஃபர் என்று ஏழு முறை படிப்பார். என்னடா இது என்று கேட்பார்கள். அழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். அம்மாவிடம் சொல்லலாம். அம்மா மறுபடியும் கையை ஒடிப்பேன் என்பாள். ஆனால் காலையில் மாமா வந்து பெட்டியைத் தூக்கும்போது, நானே பிடித்துக் கொடுக்கப் போகிறேன். "மாமா, எட்டாவத மட்டும் தொட வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லப் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லவும் போகிறேன். வாய் வருமா என்று தெரியவில்லை. அதனால்தான் முன்கூட்டியே சன்னலில் எழுதிவிட்டேன்.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று இதை முடிக்கப் போவதில்லை. திரை வெளிச்சத்தில் என் விரல்களைப் பார்க்கிறேன். பதினேழு வயதில் இந்த ஊரில் இவ்வளவு மெல்லிய விரல் எனக்கு மட்டும்தான் இருக்கும். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு காய்ப்பு இல்லை. உப்பில் கை வைக்காதே என்றீர்களே, அது எனக்காகச் சொன்னீர்களா, பெட்டிக்காகச் சொன்னீர்களா? கேட்க இனி வழியில்லை. இரண்டில் எது என்று தெரியாமலே இந்தக் கையை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேசையிலிருந்த வளையத்தைத் துடைக்கவில்லை. புடவையை அம்மா கட்டியிருந்த மாதிரியே கட்டிவிட்டேன். முடிச்சு போடும்போது விரலில் உப்பு ஒட்டியது. கொஞ்ச நேரம் அதைத் துடைக்காமல் இருந்தேன்.

ஜெனிஃபர்